முதல் தம்ளர்

கருப்பசாமி கோயிலில் காது குத்து முடிந்து வண்டி கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே பாண்டிச்செல்விக்கு வயிற்றைப் புரட்ட ஆரம்பித்துவிட்டது. பிராந்தி வாடை, ஆட்டுக்கறி வாடை, புதுச் சீட்டின் ரெக்சின் வாடை மூன்றும் ஏசிக் காற்றில் குளிர்ந்து வந்து முகத்தில் அப்பின. கண்ணாடியை இறக்கலாம் என்றால் நடுச்சீட்டில் அவளுக்கு வாய்த்தது நட்ட நடு இடம். இடப்பக்கம் மாமியார் பேச்சியம்மாள், வாயைத் திறந்தபடி அரைத் தூக்கத்தில். வலப்பக்கம் நாத்தனார் தங்கமாரி, மடியில் தாம்பாளத்தோடு. பின்னால் கழுவாத அண்டாக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. ஓட்டுவது தங்கமாரியின் புருஷன் தனுஷ்கோடி. அவருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் செல்வியின் புருஷன் முனீஸ்வரன். அவன் மடியில் மகள் கனிஷ்கா. காலையில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஐந்து வயதுத் தலை. சந்தனம் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. அந்தத் தலைக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. பெல்ட் போடாவிட்டால் வண்டி கீச் கீச்சென்று கத்தும் என்பதால் தனுஷ்கோடி பெல்ட்டின் கொக்கியை மட்டும் கடையில் தனியாக வாங்கிச் செருகி வைத்திருந்தார். வண்டியின் வாயை அடைத்துவிட்டார். பிள்ளைக்குக் காவலாக முனீஸ்வரனின் இரண்டு கைகள் இருந்தன என்று வேண்டுமானால் சொல்லலாம். கிளம்பும்போது இறுக்கிக் கட்டியிருந்த அந்தக் கைகள் இப்போது அவிழ்ந்து தொடையில் கிடந்தன. நகக்கண்ணில் கறிக்குழம்பின் மஞ்சள். அந்தக் கையைப் பார்க்கவே செல்விக்குக் குமட்டியது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, ஏனென்றால் மகள் அந்தக் கைகளுக்குள்தான் இருந்தாள்.

சாமி கொடுத்தது, ஏறாது. புறப்படும்போது தங்கமாரி சொன்னது அது. யாரும் கேட்காமலேயே சொன்னாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களிடம் அந்தக் கேள்வி எப்போதும் இருக்கிறது என்று செல்வி நினைத்தாள், பிறகு இது யாரோ ஆபீசில் சொன்னது என்று தோன்றியது. சாமி கொடுத்தது. கருப்பசாமிக்குப் படையலில் பிராந்தி பாட்டிலும் சுருட்டும் வைத்திருந்தார்கள். பூசாரி மூடியைத் திருகி, அரிவாள் மேல் கொஞ்சம் ஊற்றி, மண்ணில் கொஞ்சம் விட்டு, மிச்சத்தை எவர்சில்வர் தம்ளரில் வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். “வண்டி எடுக்கிறது யாருப்பா?” என்றார். அது இந்தக் கோயிலின் வழக்கம். முதல் தம்ளர் வண்டி எடுக்கிறவனுக்கு. கருப்பன் வழிக்காவல் சாமி. வண்டி எடுக்கிறவன் குடித்தால் கருப்பன் அந்த வண்டியில் ஏறிக்கொள்கிறான், வீடு வரைக்கும் கூட வருகிறான். மாட்டு வண்டிக் காலத்தில் ஏற்பட்டதாக இருக்கும். அப்போது வண்டிக்காரன் மட்டையானாலும் மாட்டுக்கு வழி தெரியும். மாட்டுக்கு யாரும் ஊற்றவில்லை. தனுஷ்கோடி செருப்பை உதறிவிட்டு, இரண்டு கையிலும் பக்தியாக வாங்கி, அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்தார். தம்ளரில் மிச்சமிருந்த சொட்டைப் பூசாரி புது வண்டியின் சக்கரத்தில் தெளித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். செல்வியும் குலவையிட்டாள். அதற்குப் பிறகு புளியமரத்தடியில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து உடைத்த பாட்டில்கள் எதையும் சாமி கொடுக்கவில்லை, ஆனால் சாமி பெயர் அவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. ஈரலை மிளகு போட்டு வறுத்துத் தட்டில் கொண்டுபோய் வைத்தது செல்விதான். “தங்கச்சி கைப்பக்குவமே தனி” என்று தனுஷ்கோடி சொன்னபோது கொஞ்சம் பூரித்தும் போனாள். அந்தப் பூரிப்பு இப்போது பிராந்தி வாடையோடு சேர்ந்து தொண்டைக்குழியில் நின்றது.

திருச்சுழி தாண்டி அருப்புக்கோட்டை ரோட்டுக்கு வந்ததும் வெயில் நேராக முன்கண்ணாடியில் அடித்தது. மேற்கே போகிற ரோடு, சாயங்கால வெயில். தனுஷ்கோடி கண்ணைச் சுருக்கினார். சுருக்கினாரா, கண் தானாகச் சொருகியதா. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன, தனியாக வெட்டி ஒட்டியதைப் போல. அவள் அந்தக் கண்ணாடியைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. இமை இறங்கும் ஒவ்வொரு தடவையும் அது ஏறும் வரைக்கும் எண்ணினாள். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல மரங்கள் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. முடிவே இல்லாத மரங்கள். தூக்கம் வராதவனுக்கும் தூக்கம் வரும். எதிரே ஒரு டவுன் பஸ் வந்தது. தனுஷ்கோடி ஒரு டிராக்டரை முந்திக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடம் குறைந்துகொண்டே வந்தது. செல்வி வலது காலைத் தரையில் அழுத்தினாள். அவள் காலுக்கடியில் பிரேக் இல்லை, ஒரு பிளாஸ்டிக் பையும் அதற்குள் மூன்று எலுமிச்சம்பழமும்தான் இருந்தன, ஒன்று நசுங்கியது. பஸ்காரன் விளக்கை அடித்து, ஹாரனை அடித்து, கடைசியில் இடப்பக்கம் மண்ணில் இறக்கி விலகினான். ஜன்னலில் ஒரு பெண்ணின் முகம், திறந்த வாய், போய்விட்டது. “பாத்தியா முனீசு, இறக்குனான் பாரு” என்றார் தனுஷ்கோடி. முனீஸ்வரன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். “மச்சான் வண்டின்னா சும்மாவா” என்றான். தங்கமாரி தாம்பாளத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள், அவ்வளவுதான். அவளுக்கு எல்லாம் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷம் இந்த வாடைக்குப் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாதா. தெரிந்ததை முகத்தில் காட்டாமல் இருப்பதற்கு இந்த வீட்டில் பெயர் குணம். தங்கமாரி குணசாலி. செல்வியும் அப்படித்தான் பெயரெடுத்திருக்கிறாள்.

அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும். இந்த இரண்டு வார்த்தைகளை அவள் எத்தனை தடவை டைப் அடித்திருக்கிறாள். மதுரையில் அவள் வேலை பார்க்கும் வக்கீல் ஆபீசுக்கு வருவதில் பாதி விபத்து வழக்கு. எதிர்மனுதாரர் தன் வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து. எல்லா மனுவிலும் அதே வரி, வண்டி நம்பரும் ஊர்ப் பெயரும் மட்டும் மாறும். டைப் அடித்து அடித்து அந்த வரி அவள் விரலுக்குள் போய்விட்டது, யோசிக்காமலே வரும். இப்போது அந்த விரல்கள் தாம்பாளத்தின் விளிம்பில் அதைத் தட்டிக்கொண்டிருந்தன. தங்கமாரி கையைப் பார்த்தாள். செல்வி விரல்களை மடக்கிக்கொண்டாள். இன்னொரு வரியும் உண்டு, ஓட்டினவனைச் சோதித்த டாக்டர் எழுதிக் கொடுப்பது. மது அருந்தியுள்ளார், ஆனால் மதுவின் ஆதிக்கத்தில் இல்லை. எந்தச் சான்றிதழை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். குடித்தான், ஆனால் குடித்தவனாக இல்லை. சாமி கொடுத்தது, ஆனால் ஏறாது. முதல் தடவை படித்தபோது அவள் வக்கீலிடம் கேட்டாள், “அதெப்படி சார்?” அவர் டீயை உறிஞ்சிவிட்டு, “அப்படித்தாம்மா” என்றார். பிள்ளைகள் செத்த மனுக்கள் சின்னதாக இருக்கும். பெரியவர் என்றால் என்ன வேலை, என்ன சம்பளம், யார் யார் அவரை நம்பி இருந்தார்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும். பிள்ளைக்கு எழுத என்ன இருக்கிறது. மேற்படி சிறுமி யூகேஜி படித்து வந்தார். படித்து வந்தார். சிறுமிக்குக்கூட மரியாதை கொடுப்பார்கள், செத்த பிறகு. மொட்டைத் தலை ஒரு குலுக்கலில் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. மேற்படி சிறுமி. சே. அவள் அந்த வரியைத் துப்ப முயன்றாள். அது பல்லிடுக்கில் சிக்கிய கறி நார் மாதிரி போகவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணே, வண்டிய நிறுத்துங்க. சொல்ல ஒரு மூச்சு போதும். அதற்கு முன்னால் எத்தனை வாசல். தனுஷ்கோடி இந்த வீட்டு மாப்பிள்ளை, முதல் வாசல். மாப்பிள்ளை வந்தால் மாமியார் எழுந்து நிற்பாள், அவர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு இலை. இரண்டாவது, செல்விக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. காது குத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். முறைக்கு அண்ணன்தானே என்று தனுஷ்கோடிதான் காலையில் அந்த மடியைக் கொடுத்தார். கனிஷ்காவைத் தூக்கி வைத்து, ஆசாரி ஊசியைக் குத்தும்போது பிள்ளையின் கண்ணைப் பொத்தி, “மாமா இருக்கேன்டா, மாமா இருக்கேன்” என்றார். அப்போது அவர் குடித்திருக்கவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. தோடு அவர் போட்டது. அந்தத் தோடு போட்ட மனுஷனைப் பார்த்து, காலையில் மடி கொடுத்தவரைப் பார்த்து, நீ குடித்திருக்கிறாய் என்று எப்படிச் சொல்வது. சொன்னால் அவர் கோபப்பட மாட்டார். சிரிப்பார். தங்கமாரிதான் அழுவாள். அந்த அழுகை பொங்கல், தீபாவளி, அடுத்த கிடாவெட்டு வரைக்கும் அழப்படும். “எங்க வீட்டுக்காரரக் குடிகாரன்னு சொல்லிட்டா.” குடிகாரன் என்று அவள் சொல்லப்போவதில்லை, குடித்திருக்கிறார் என்றுதான். ஆனால் அந்த வித்தியாசம் டாக்டருக்குத் தெரியும், தங்கமாரிக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் இது ஒரு கேவலமான கணக்கு. ஒரு தட்டில் பிள்ளையின் தலை, இன்னொரு தட்டில் நாத்தனாரின் அழுகை. முள் எந்தப் பக்கமும் சாயாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. தராசைப் பிடித்திருக்கும் கை தன்னுடையது என்று தோன்றியபோது செல்விக்கு மற்றவர்கள் மேல் இருந்த அருவருப்பு ஒரு சுற்றுச் சுற்றித் தன் மேலேயே வந்து உட்கார்ந்தது.

“அண்ணே” என்றாள். “கொஞ்சம் மெதுவா.” கண்ணாடியில் அந்தக் கண்கள் அவளைத் தேடிக் கண்டுபிடித்தன. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் ரோட்டை யாரும் பார்க்கவில்லை. “என்ன தங்கச்சி, பயமா? கருப்பனே முன்னாடி போறான், நமக்கென்ன.” பிறகு குரலை இழுத்து, “ஆபீசுல எந்நேரமும் செத்தவன் கதையவே டைப் அடிக்கிறேல்ல, அதான். முனீசு, உன் பொண்டாட்டிய வேற வேலைக்கு அனுப்புப்பா” என்றார். முனீஸ்வரன் சிரித்தான். மாமியாரும் தூக்கத்திலேயே சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். செல்வி முன்னால் குனிந்து புருஷனின் தோளைத் தொட்டாள். “ஏங்க, பிள்ளையப் பின்னாடி குடுங்க.” அவன் கழுத்தைத் திருப்பினான். வாய் திறந்ததும் வாடை முழுசாக அவள் முகத்தில் விழுந்தது. அந்த வாயை அவள் முத்தமிட்டிருக்கிறாள் என்பது நம்ப முடியாத செய்தி மாதிரி இருந்தது. “தூங்குறா, விடு” என்றான். “பின்னாடி எங்கடி இடம் கெடக்கு?” என்றாள் மாமியார், கண்ணைத் திறக்காமல். “அப்பன் மடியில இருக்கா, வேற எங்க இருக்கணும்?” செல்வி மறுபடியும் பின்னால் சாய்ந்தாள். சொல்லியாயிற்று. சொன்னதற்கு அடையாளமாக ஒன்றும் மாறவில்லை. முள் சற்று முன்பு இருந்த இடத்திலேயே ஆடியது. ஒரு மோட்டார் சைக்கிள், ஆணும் பெண்ணும், பெண்ணின் மடியில் ஒரு குடம். தனுஷ்கோடி அவர்களை உரசுகிற மாதிரித் தாண்டினார். குடம் என்னவாயிற்று என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவும் தன் கணக்கில் சேரும்.

போன வருஷம் ஆபீசுக்கு ஒரு பெண் வந்தாள். கமுதிப் பக்கம். புருஷன் குடித்துவிட்டு பைக் ஓட்டி, பின்னால் இருந்த மகன் செத்து, புருஷன் பிழைத்திருந்தான். மனுவில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். “அவரு குடிச்சிருந்தார்னு மட்டும் எழுதாதீங்க சார், வெளிய தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு.” அவள் தாங்குவாளா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கச் சொல்லவில்லை. அன்றைக்குச் செல்வி அந்தப் பெண்ணைப் பார்த்து, என்ன ஜென்மமோ என்று நினைத்தாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது சாப்பிடப் பிடிக்கவில்லை. இன்றைக்கு அந்தப் பெண்ணுக்கும் தனக்கும் நடுவில் உள்ள தூரம் எவ்வளவு என்று பார்த்தால், ஒரு வளைவு. வரப்போகிற ஏதோ ஒரு வளைவு. அதற்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவள். வளைவு வந்தது. தனுஷ்கோடி அதை அகலமாக எடுத்தார், எதிர்ப்பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். எதிரே யாரும் வரவில்லை. வராததற்கு யாருக்கு நன்றி சொல்வது. தங்கமாரி கருப்பா என்று முணுமுணுத்தாள். அப்போ உனக்கும் பயம்தான், குணசாலி, உனக்கும் பயம்தான். செல்விக்கு அவள் மேல் பாவம் வந்தது, உடனே அந்தப் பாவமும் குமட்டியது. இப்படி ஒருத்திக்கொருத்தி பாவம் பார்த்துக்கொண்டே மொத்தப் பேரும் போய்ச் சேரலாம்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டிருந்த வேகத்தடையைத் தனுஷ்கோடி பார்க்கவே இல்லை. வண்டி எழும்பி விழுந்தது. அண்டாக்கள் ஒட்டுமொத்தமாகக் கத்தின. தாம்பாளத்துத் தேங்காய்மூடிகள் பறந்தன. கனிஷ்கா மடியிலிருந்து வழுக்கி முன்னால் போனாள், தலை அல்ல, காது, புதுத் தோடு போட்ட காது, டேஷ்போர்டின் விளிம்பில் இடித்தது. ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மைக்குள் செல்வி முழு மனுவையும் ஒரு தடவை படித்து முடித்தாள். பிறகு பிள்ளை அழுதாள். அழுகிறாள், அழுகிறாள், அப்படியென்றால் இருக்கிறாள். “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல” என்றான் முனீஸ்வரன், காதிலிருந்து கசிந்த ரத்தத்தைக் கறிக்குழம்பு நகத்தால் துடைத்தபடி. “எவன்டா இங்க வேகத்தடை போட்டது” என்றார் தனுஷ்கோடி. வண்டியின் வேகம் குறையவில்லை. அந்த நகம், அந்தக் காது. அந்த மஞ்சளும் அந்தச் சிவப்பும் ஒன்றாகச் சேர்வதைப் பார்த்த அந்தக் கணத்தில் செல்வியின் வயிறு அவளைக் கேட்காமல் ஒரு முடிவெடுத்தது. கையை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் வந்துவிட்டது. ஈரல், சோறு, பொங்கல், காலையில் குடித்த காபி. முன்சீட்டின் முதுகு, தனுஷ்கோடியின் இடது தோள், கியர் கம்பி, எல்லா இடத்திலும். வண்டி நின்றது. பஸ் நிற்கச் சொல்லியும், வெயில் நிற்கச் சொல்லியும், பிள்ளையின் ரத்தம் நிற்கச் சொல்லியும் நிற்காத வண்டி, சீட்டுக்காக நின்றது.

நிழற்குடைக்குப் பக்கத்தில் எல்லோரும் இறங்கினார்கள். செல்வி முதலில் மகளை முன்சீட்டிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். முனீஸ்வரன் திகைத்துப்போய்க் கையை விட்டான். காதில் சின்னக் கிழிசல்தான். ரத்தம் நின்றிருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிழற்குடையின் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தாள். தனுஷ்கோடி சட்டையைக் கழற்றித் தண்ணீர் கேனைச் சாய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். “என்னா நாத்தம்டா சாமி” என்றார். “மனுஷன் நிக்க முடியல.” மூக்கை மடித்து, முகத்தைத் திருப்பி, உண்மையான அருவருப்போடு சொன்னார். செல்விக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது, சிரித்தால் மறுபடி வாந்தி வரும். இனி இந்த வண்டியில் ஏறக்கூடாது. இது மட்டும் தெளிவாக இருந்தது. பஸ் வரும், பஸ்ஸில் போகலாம். முனீஸ்வரன் திட்டுவான், தங்கமாரி அழுவாள், அழட்டும். வாயைத் துடைத்துக்கொண்டு, “நானும் பிள்ளையும் பஸ்ல” என்று ஆரம்பித்தாள். மாமியார் எதிரே வந்து நின்றாள். தூக்கம் முழுக்கக் கலைந்த முகம். அந்த முகத்தில் கோபம் இல்லை. அவள் செல்வியின் கழுத்தைப் பார்த்தாள், கண்ணுக்குக் கீழே பார்த்தாள், சேலைக்கொசுவத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, “செல்வி, நாள் தள்ளிப் போயிருக்காடி?” என்றாள்.

இல்லை. பத்து நாளைக்கு முன்புதான் வந்து போனது. வாயைத் திறந்து இல்லை என்று சொல்லப்போனவள், மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் வந்திருந்த வெளிச்சத்தை இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷத்தில் அவள் கண்டதில்லை. கனிஷ்கா பிறந்தபோதுகூட இல்லை. அப்போது சுத்தமாகவே இல்லை, பெண் என்றதும் மாமியார் ஆஸ்பத்திரி வராண்டாவில் சொம்பைக் கழுவப் போய்விட்டாள். தங்கமாரியும் தாம்பாளத்தோடு பக்கத்தில் வந்து நின்றாள். முனீஸ்வரன் நிமிர்ந்தான். தனுஷ்கோடிகூட ஈரச்சட்டையைப் பிழிவதை நிறுத்தினார். எல்லோரும் காத்திருந்தார்கள். பிள்ளையின் மொட்டைத் தலை கண்ணாடிக்கு நேராக ஆடி வந்தபோது ஒருத்தரும் காத்திராத ஒரு காத்திருப்பு. இல்லை என்றால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாப்பிட்டது ஒத்துக்கல என்பார்கள், சீட்டைத் துடைப்பார்கள், ஏறு என்பார்கள். அவள் ஏற மாட்டாள், ஆனால் மற்றவர்கள் ஏறுவார்கள், வளைவுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன, எதிரே வருகிற பெண்ணின் மடியில் இன்னொரு குடம் இருக்கும். முனீஸ்வரனும் ஏறுவான். அவனை நினைத்ததும் அருவருப்புக்கு அடியில் வேறொன்று தட்டுப்பட்டது, அதற்கு அன்பு என்று பெயர் வைக்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே முள் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. “ஆமாத்தே” என்றாள். “சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பேச்சியம்மாள் நேராக மாப்பிள்ளையிடம் போனாள். எழுந்து நின்று பேசுகிற மாமியார் அல்ல, கையை நீட்டிப் பேசுகிற மாமியார். “மாப்பிள்ளை, சாவியக் குடுங்க. வயித்துப் பிள்ளைக்காரிய வச்சுக்கிட்டு இந்தக் குலுக்கு ஆகாது. நீங்க ஒரு வாய் சாமி தண்ணி வேற குடிச்சிருக்கீங்க. வேற ஆளக் கூப்பிடுங்க.” குடிச்சிருக்கீங்க. அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வெளியே வந்தது. வானம் இடிந்து விழவில்லை, தங்கமாரி அழவில்லை. தனுஷ்கோடி முகம் சுளிக்கவும் இல்லை. சாவியை மாமியாரின் உள்ளங்கையில் வைத்தார். “அதுக்கென்னத்தே, பிள்ளைக்காகன்னா சரி” என்றார். அவர் குரலில் ஒரு பெருந்தன்மைகூட இருந்தது. அருப்புக்கோட்டையில் டிராவல்ஸ் வைத்திருக்கும் கூட்டாளிக்குப் போன் போட்டார். “ஒரு ஆக்டிங் டிரைவர் அனுப்புப்பா, ரோட்டு மேலதான் நிக்கிறோம். எனக்கா? எனக்கு என்னடா, கல்லு மாதிரி இருக்கேன். தங்கச்சி மாசமா இருக்கு, அதான்.” முனீஸ்வரன் வந்து செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து, “எங்கிட்டகூடச் சொல்லல பாத்தியா” என்றான். கண் கலங்கியிருந்தது. குடித்தவன் கண், சுலபமாகக் கலங்கும். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அடுத்த மாதம் இந்த இல்லாத பிள்ளைக்கு ஒரு சாவும் சொல்ல வேண்டியிருக்கும். கலைந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். ஏன் கலைந்தது என்பார்கள். ஆபீசுக்குப் போய்ப் போய்த்தான் என்பார்கள். இந்த வேகத்தடையை ஒருத்தர்கூட நினைக்க மாட்டார்கள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் யார் ஓட்டுகிறார்கள் என்று அவளை அறியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். காக்கிச் சட்டை, நெற்றியில் திருநீறு, அதிகம் பேசாத ஆள். வண்டிக்குள் தலையை விட்டவர் முதலில் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார். செருகியிருந்த வெறும் கொக்கியைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, பெல்ட்டை இழுத்துத் தன் மேல் மாட்டினார். “முன்னாடி யாரு உக்கார்றாங்களோ பெல்ட்டு போட்டுக்குங்க. பாப்பாவப் பின்னாடி வச்சுக்குங்க” என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தனுஷ்கோடி முன்சீட்டில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்தார். முனீஸ்வரன் அண்டாக்களோடு பின்னால் முடங்கினான். செல்விக்கு இப்போது ஜன்னலோரம் கிடைத்தது, மடியில் கனிஷ்கா, பக்கத்தில் மாமியார். வண்டி நிதானமாகப் போயிற்று. எதிரே பஸ் வந்தபோது டிரைவர் ஒதுங்கி வழி விட்டார். அது எவ்வளவு சாதாரணமான காரியம். வெளிக்காற்றில் வாடை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. பிள்ளை அழுது ஓய்ந்து அவள் நெஞ்சில் சாய்ந்திருந்தாள். சந்தனத் துகள் சேலையில் உதிர்ந்தது. மகளின் எடை முழுவதும் தன் மேல் இருப்பதை அவள் உணர்ந்துகொண்டே வந்தாள். அருப்புக்கோட்டை தாண்டியபோது மாமியார் திரும்பிப் பார்த்து, “வயித்துல அமுக்குறா பாரு” என்றாள். கனிஷ்காவின் இரண்டு காலையும் பிடித்து நகர்த்தி, பிள்ளையைப் பாதி மடியிலும் பாதி சீட்டிலுமாகத் தள்ளி உட்காரவைத்தாள். அப்படி ஒழிந்த இடத்தில், செல்வியின் அடிவயிற்றின் மேல், ஆட்டுக்கறி வாடையடிக்கும் தன் கையை மெத்தென்று வைத்தாள். வீடு வந்து சேரும் வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது. செல்வி அதை எடுத்துவிடவில்லை.